சுங்குடித் துணியில் ஒரு குட்டி மெத்தை

தன் வளைகாப்பு நாளன்று காலையில் கதவைத் திறந்த சோலையம்மாள் வாசல் நிலையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

நிலையில் தோரணம் ஆடிக்கொண்டிருந்தது. மாவிலை இல்லை, துணி. தையல்காரர்கள் கழித்துப் போடும் பச்சை, மஞ்சள் வெட்டுத்துணிகளை மாவிலை மாதிரியே கத்தரித்து, ஓரம் மடித்துத் தைத்து, ஒரு நாடாவில் வரிசையாகக் கோத்திருந்தது. ஒவ்வோர் இலையின் நடுவிலும் நரம்பு போல ஒரு சங்கிலித் தையல். சில இலைகள் கோணலாகத்தான் இருந்தன. ஆனாலும் கே.கே. நகரில் அந்தத் தெருவிலேயே அவர்கள் வீட்டு வாசல்தான் இன்றைக்குக் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

"யாருங்க இதைக் கட்டுனது?"

கணவர் சுருளி வாளியில் தண்ணீர் மொண்டுகொண்டே நிமிர்ந்தார். "ஜெயாதான். விடியமுன்னயே ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டிக்கிட்டு இருந்துச்சு."

"ஜெயாவா?"

சோலையம்மாளால் நம்ப முடியவில்லை.

அவள் இந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்து மூன்று வருஷம் ஆகிறது. சுருளியின் முதல் மனைவி அழகம்மாள் மஞ்சள் காமாலையில் இறந்தபோது மகள் ஜெயக்கொடி சின்னப் பெண். இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். சித்தியை எதிர்த்து அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. கூடுதலாகவும் ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவாள். தண்ணீர் பிடி என்றால் பிடிப்பாள். அவ்வளவுதான்.

இந்த ஒரு மாதமாக அதுவும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டு மைதீன் பீவியிடம் ஓடிவிடுவாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவாள். தம்பியோ தங்கையோ வரப்போவது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று சோலையம்மாள் முடிவு கட்டிவிட்டாள். போன வாரம் அதைச் சொல்லி சுருளியிடம் அழவும் அழுதாள். மின்சார வாரிய ஆபீசில் நாள் முழுக்கப் பேசுகிற மனுஷன், வீட்டில் இப்படி ஒரு பேச்சு வந்தால் மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அன்றைக்கும் போய்விட்டார்.

இப்போது வாசலில் இந்தத் தோரணம்.

* * *

ஒன்பது மணிக்கெல்லாம் எழுமலையிலிருந்து டாக்சி வந்துவிட்டது. சோலையம்மாளின் அக்கா ரெங்கம்மாள் முதலில் இறங்கினாள். தாய் இல்லாத வீட்டில் தாயாக நின்று தங்கையைக் கட்டிக்கொடுத்தவள் அவள்தான். பின்னாலேயே கட்டுச்சோற்றுப் பாத்திரங்களும், வளையல் அட்டைகளும், பூக்கூடையும் இறங்கின.

"ஏத்தா, இங்க வா. என்ன இம்புட்டு இளைச்சுப் போயிருக்க? சாப்புடுறியா இல்லையா?"

"நல்லாத்தான்க்கா சாப்புடுறேன்."

"மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும் கெளம்பிரணும், ஆமா. பிரசவம் முடிஞ்சு கையில புள்ளையோடதான் உன்னைய இந்தப் பக்கம் திருப்பி அனுப்புவேன்."

பத்தரைக்கு மேல்தான் நல்ல நேரம். அதுவரை அக்காவும் தங்கையும் கூடத்தில் உட்கார்ந்து பூத் தொடுத்தார்கள். அப்போதுதான் ஜெயக்கொடி உள் அறையிலிருந்து ஒரு துணி மூட்டையோடு வந்தாள். தாவணி முந்தியை இடுப்பில் சொருகியிருந்தாள். முகத்தில் ஒரு கூச்சம்.

"சித்தி, இது புள்ளைக்கு."

மூட்டையை வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

சோலையம்மாள் முடிச்சை அவிழ்த்தாள். முதலில் வந்தது ஒரு கிளிச்சரம். பச்சை ரவிக்கைத் துணியில் உள்ளங்கை அளவுக் கிளிகள். உள்ளே இலவம்பஞ்சு அடைத்து, சிவப்பு நூலில் மூக்கு தைத்து, கறுப்பு நூலில் கண் முடிந்திருந்தது. தொட்டில் கம்பில் தொங்கவிட ஒரு வளையம். ஒரு கிளிக்கு மட்டும் கண் கொஞ்சம் பெரிதாகி, பார்த்தால் முறைக்கிற மாதிரி இருந்தது. சோலையம்மாள் சிரித்துவிட்டாள்.

"இதுக்கு மட்டும் ஏன் இம்புட்டுக் கோவம்?"

"அதுதான் மொதல்ல தச்சது சித்தி. பெறகுதான் கை படிஞ்சுச்சு."

அடுத்து ஒரு கடுகுத் தலையணை. பச்சைப் பிள்ளையின் தலைக்கு என்று கடுகு நிரப்பித் தைத்தது. ரெங்கம்மாள் அதை உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பார்த்தாள். கடுகு ஒரே சீராக நகர்ந்தது.

"அட! ரெட்டைத் தையல் போட்டுருக்கியே. ஒரு கடுகு கூட வெளிய வராது. அம்புட்டும் நீயே தச்சியா?"

"மைதீன் மாமி வீட்டு மிஷின்ல தச்சேன் பெரியம்மா. வெட்டுறதுக்கு மட்டும் மாமி சொல்லிக் குடுத்தாக. கிளியெல்லாம் கைத்தையல்."

கடைசியாக அடியில் இருந்ததை சோலையம்மாள் விரித்தாள்.

அது ஒரு குட்டி மெத்தை. நல்ல அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி இறைந்த சுங்குடித் துணி. உள்ளே பழைய வேட்டியை மடிப்பு மடிப்பாக வைத்து, மேலிருந்து கீழ்வரை நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டிருந்தது. நான்கு ஓரமும் மஞ்சள் பட்டை. தொட்டால் விரல் அமிழ்ந்தது. ஒரு மாதச் சாயங்காலங்கள் எங்கே போயின என்பது சோலையம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

"ஜெயா, இதை..."

அவள் முடிக்கவில்லை. பக்கத்தில் ரெங்கம்மாளின் கை பூவோடு நின்றுவிட்டிருந்தது. அவள் மெத்தையைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.

சுவரில் மாலை போட்ட அழகம்மாளின் படம். ஸ்டூடியோவில் எடுத்துக் கலர் தீட்டியது. படத்தில் அவள் கட்டியிருந்ததும் அரக்குச் சிவப்பு. அதே வெள்ளைப் புள்ளி.

"சோலை, கொஞ்சம் அடுப்படிக்கு வா."

* * *

ரெங்கம்மாள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். ஆனால் அந்த அடுப்படிச் சுவர் கூரை வரை எழும்பாத சுவர்.

"அது போய்ச் சேந்தவ சேலைத்தா. அதுலயா நம்ம புள்ளையப் படுக்க வைக்கிறது?"

"அக்கா, மெதுவா."

"நான் அந்தப் புள்ளையக் கொறை சொல்லல. அதுக்கு என்ன தெரியும், பாவம். ஆனா உனக்குத் தெரிய வேணாமா? போன வருஷம் ஒண்ணு தங்காமப் போச்சு. அதுக்கு நீ பட்ட பாடு எனக்குத்தான தெரியும். இதுவும் எதாச்சும் ஆச்சுன்னா தாங்குவியா?"

சோலையம்மாளின் கை தானாக வயிற்றுக்குப் போனது. படத்தையும் மெத்தையையும் சேர்த்துப் பார்த்த அந்த நொடியில் அவளுக்கும் நெஞ்சு திக்கென்றுதான் ஆகியிருந்தது.

"வாங்கி வச்சுக்க. முகம் வாடக் கூடாது. ஆனா எழுமலைக்குக் கொண்டுவர வேணாம். பரண்ல போட்ரு. என்ன?"

அவர்கள் கூடத்துக்குத் திரும்பியபோது கிளிச்சரமும் கடுகுத் தலையணையும் அப்படியே இருந்தன. மெத்தையைக் காணோம். ஜெயக்கொடியையும் காணோம்.

சுருளி வாழை இலைக்கட்டோடு உள்ளே வந்தார்.

"தம்பி, நீங்களே சொல்லுங்க," என்றாள் ரெங்கம்மாள். "ஜெயா ஒரு மெத்தை தச்சிருக்கே, அது அந்தப் புண்ணியவதி சேலைதான?"

சுருளி இலைக்கட்டைக் கீழே வைத்தார். "ஆமா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"கேட்டுச்சு. எடுத்துக்கன்னு நான்தான் டிரங்குப் பெட்டியத் தெறந்து குடுத்தேன்."

"ஏங்க, இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் சோலையம்மாள். குரலில் சண்டை இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

சுருளி எதையோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு, "நாற்காலி எறக்குறாக, பாத்துட்டு வாரேன்," என்று வெளியே போய்விட்டார்.

சோலையம்மாள் சேலை மடிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மெல்ல வாசற்படி இறங்கினாள்.

"நல்ல நேரம் வரப்போகுது, எங்கத்தா போற?"

"அடுத்த வீட்டுக்குத்தான்க்கா. வந்துர்றேன்."

* * *

மைதீன் பீவி வாசலிலேயே எதிர்ப்பட்டாள். வளைகாப்புக்கு என்று நல்ல சேலை கட்டி, தலையில் முக்காடு போட்டுப் புறப்பட்டு நின்றாள். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம். கே.கே. நகருக்கு வந்து நாலைந்து வருஷம்தான் ஆகிறது.

"யா அல்லா, நீ ஏன் தங்கச்சி நடந்து வந்த? ஒரு குரல் குடுத்தா நான் வரமாட்டேனா?"

"ஜெயா இங்கயா அக்கா இருக்கா?"

"மிஷின்கிட்ட உக்காந்திருக்கா. வந்ததுல இருந்து வாயே தெறக்கல. கத்தரியக் கேட்டா, குடுத்தேன். பாத்தா, தச்சதப் பிரிச்சுக்கிட்டு இருக்கா. ஏன்னு கேட்டாச் சொல்ல மாட்டேங்குறா. உங்க வீட்டு விஷயம், நான் என்னத்தக் கேக்க? நீ போ உள்ள."

ஜன்னலோரம் தையல் மிஷின். அதன் முன்னால் ஜெயக்கொடி. ஒரு ஓரத்து மஞ்சள் பட்டை பாதி பிரிந்து தொங்கியது. கத்தரி முனையால் ஒவ்வொரு தையலாக எடுத்து, நூலை மடியில் சேர்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. துணி கிழிந்துவிடக் கூடாதே என்ற கவனத்தோடு பிரித்தாள்.

சோலையம்மாள் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பெரியம்மா சொன்னது கேட்டுருச்சா?"

"ம்."

"கோவமா?"

"இல்ல சித்தி. எனக்குத் தோணவே இல்ல. அதான் பிரிக்கிறேன். வேற துணி வச்சுத் தச்சுக்கலாம்."

"ஏன் அந்தச் சேலைய எடுத்த?"

ஜெயக்கொடி கத்தரியை நிறுத்தினாள். "வெறப்பான புதுத் துணி புள்ளை ஒடம்புல உரசும், பழசுதான் நல்லதுன்னு மாமி சொன்னாக. உங்க சேலை எதாச்சும் எடுக்கலாமான்னு பாத்தேன். நீங்க கட்டுறது அம்புட்டும் நைலக்ஸு. அது புள்ளைக்கு வேர்க்கும். வீட்டுல இருக்குறதுலயே அம்மா சேலைதான் மெத்துன்னு இருந்துச்சு. தொவச்சுத் தொவச்சு அப்படி ஆயிருச்சு."

சோலையம்மாள் என்னென்னவோ நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். பெண் சொன்ன காரணமோ இவ்வளவுதான்.

"அம்மாவை நெனச்சுத் தைக்கலையா?"

"அப்படியெல்லாம் நெனைக்கல." நூலைக் கிள்ளிக்கொண்டே, "கொஞ்சம் நெனச்சேன்," என்றாள்.

வெளியே யாரோ நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது.

"எனக்குப் பயமா இருக்கு ஜெயா," என்றாள் சோலையம்மாள். "உங்கிட்டப் பொய் சொல்லல. போன தடவ ஏன் அப்படி ஆச்சுன்னு டாக்டரம்மாவுக்கே சொல்லத் தெரியல. அதுல இருந்து எதைக் கண்டாலும் பயம். படத்தையும் இதையும் பாத்ததும் எனக்கும் பகீர்னுச்சு. பெரியம்மா மேல மட்டும் தப்பு இல்ல."

ஜெயக்கொடி தலையை நிமிர்த்தி முதல் தடவையாகச் சித்தியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எனக்கும்தான் பயம்."

"உனக்கு என்ன பயம்?"

"அம்மாவை ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாக, திரும்பி வரல. போன வருஷம் உங்களையும் அதே மாதிரி டாக்சியில ஏத்திட்டுப் போனாக. நான் இந்த வீட்டுல உக்காந்து மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருந்தேன்." அவள் கத்தரியை மிஷின் மேல் வைத்தாள். "இப்ப உங்க வயித்தைப் பாக்குறப்பெல்லாம் எனக்கு அந்த நாள் ஞாபகந்தான் வருது. வீட்டுல இருக்க முடியல. இங்க வந்து தச்சுக்கிட்டு இருந்தா, புள்ளை வந்துரும், நீங்களும் வந்துருவீகன்னு தோணும்."

சோலையம்மாள் கையை நீட்டி, பெண்ணின் மடியில் கிடந்த நூலை எல்லாம் கூட்டி எடுத்தாள். தன்னைப் பிடிக்காமல் ஓடுகிறாள் என்று ஒரு மாதமாக நினைத்திருந்தாளே! அந்த நினைப்பை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

அடுத்த வீட்டிலிருந்து ரெங்கம்மாளின் குரல் வந்தது. "சோலை! நேரமாச்சுத்தா!"

"வாரேன்க்கா!" என்று இங்கிருந்தே பதில் கொடுத்தாள். பிறகு மெத்தையை இழுத்து, பிரிந்த பட்டையை அதன் இடத்தில் வைத்து விரலால் நீவினாள்.

"பிரிச்சதைத் தையி."

"சித்தி?"

"தையின்னா தையி. எனக்குப் பயம் போகல. போனப்பெறகு தைக்கலாம்னா இது இப்படியேதான் கெடக்கும்."

மைதீன் பீவி எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை. மஞ்சள் நூல் கண்டை மிஷினில் மாட்டி, ஊசியில் நூலைக் கோத்துவிட்டு நகர்ந்தாள். ஜெயக்கொடி பெடலை மிதித்தாள். சோலையம்மாள் மெத்தையின் மறு முனையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

* * *

மணைக்கு முன்னால் குத்துவிளக்கு எரிந்தது. தாம்பாளங்களில் பழம், பூ, மஞ்சள், அடுக்கடுக்காக வளையல். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள்.

சோலையம்மாள் உள்ளே வந்தாள். அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் ரெங்கம்மாளின் முகம் மாறியது. சோலையம்மாள் குனிய முடியாமல் நின்று, ஜெயக்கொடியிடம் மெத்தையைக் கொடுத்தாள்.

"மணை மேல விரி."

ரெங்கம்மாள் கிட்டே வந்து தங்கையின் காதோரம் பேசினாள். "என்னத்தா பண்ற நீ?"

"புள்ளை படுக்கறதுக்கு முன்னாடி நான் உக்காந்து பாக்குறேன்க்கா. எதாச்சும் ஆகுறதா இருந்தா மொதல்ல எனக்கு ஆகட்டும்."

"வயித்துல இருக்கறதும் சேந்துதான உக்காருது?"

"ஆமா. சேந்துதான் உக்காருறோம்."

ரெங்கம்மாள் தங்கையின் முகத்தையே பார்த்தாள். கூடத்தில் பேச்சுச் சத்தம் அடங்கியது. என்ன விஷயம் என்று யாருக்கும் தெரியாவிட்டாலும், ஏதோ நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

சோலையம்மாள் சுவரில் இருந்த படத்தை ஒரு தரம் பார்த்தாள். இத்தனை நாளும் விளக்கேற்றும்போது கும்பிட்டிருக்கிறாள். அது பயத்தில் கும்பிட்டது. இன்றைக்கு, வந்தவரை வாங்க என்று சொல்வதைப் போல இலேசாகத் தலையசைத்தாள். பிறகு மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

மெத்தை அவள் பாரத்தை வாங்கிக்கொண்டது.

ரெங்கம்மாள் பெருமூச்சு விட்டாள். சந்தனக் கிண்ணத்தை எடுத்து, தங்கையின் இரண்டு கன்னத்திலும் தடவினாள். கண் கலங்கியிருந்தது. "பிடிவாதக்காரி," என்று முணுமுணுத்துக்கொண்டே முதல் வளையலை எடுத்தாள். பச்சையில் ஒன்று, சிவப்பில் ஒன்று என்று வளையல்கள் கையில் ஏறின. பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மைதீன் பீவி தன் பங்குக்கு இரண்டு போட்டுவிட்டு, "அல்லா நல்லபடியா வைக்கட்டும்," என்று நெற்றியை வழித்து நெட்டி முறித்தாள்.

கடைசியில் ஜெயக்கொடியைக் கூப்பிட்டது ரெங்கம்மாள்தான்.

"கல்யாணமாகாத புள்ளை போடுற வழக்கம் இல்ல. ஆனா இன்னைக்கு எல்லா வழக்கத்தையும் உங்க சித்தி கெடுத்துப்புட்டா. நீயும் வந்து போடு."

கூடமே சிரித்தது. வாசல்படியில் நின்ற சுருளி மட்டும் சிரிக்கவில்லை. அவர் மணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

* * *

பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வீடு மெல்ல அமைதியானது. சோலையம்மாள் உள் அறையில் ஊருக்குக் கொண்டுபோக வேண்டியதை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே கொல்லைப்புறத்தில் ஜெயக்கொடி பாத்திரம் கழுவிக் கவிழ்க்கிற சத்தம். கூடவே சுருளியின் குரலும் கேட்டது.

"ஜெயா, அந்தச் சேலையில இன்னும் மிச்சம் இருக்கா?"

"முந்தி அப்படியே இருக்குப்பா. ஒடம்புத் துணியத்தான் வெட்டுனேன்."

பாத்திரச் சத்தம் நின்றது.

"அதுல எனக்கு ஒரு தலகாணி உறை தச்சுக் குடுக்குறியா?"

ஜெயக்கொடி ஈரக் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். அவள் திரும்பியபோது ஜன்னல் கம்பிக்குப் பின்னால் சித்தி நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

சோலையம்மாள் அசையவில்லை. கோபமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கோபமில்லை. மூன்று வருஷமாக ஒரே கூரையின் கீழ் இருந்தும், அழகம்மாளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இவளும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் நல்ல மனைவிக்கு அழகு என்று நினைத்திருந்தாள். இன்றைக்கு எழுமலைக்குப் போனால் திரும்ப மாதக்கணக்காகும். அதற்குள் அந்த உறை தைத்து முடிந்திருக்கும். அவர் அதில் தலை வைத்துப் படுத்திருப்பார். இவள் பிள்ளையோடு வந்து, அதைத் தெரியாத மாதிரியே துவைத்துக் காயப்போடுவாள்.

"சோலை, கெளம்பலாமாத்தா?" கூடத்திலிருந்து ரெங்கம்மாள் கூப்பிட்டாள். "ராகு காலத்துக்கு முன்னாடி ஊரத் தாண்டணும்."

"அக்கா, நான் இன்னைக்கு வரல."

"என்னது? ஊர்ல ஆரத்தி கரைச்சு வச்சுட்டுக் காத்துக்கிட்டு இருக்காகத்தா!"

"நாளைக்கு வாரேன். அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

வளையல்கள் குலுங்க அவள் கொல்லைப்புறப் படியில் இறங்கினாள். சுருளி எழுந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. துவைக்கிற கல்லில் ஈரத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, சோலையம்மாள் அதன் மேல் உட்கார்ந்தாள்.

"அழகம்மாக்கா எப்படி இருப்பாக?" என்று கேட்டாள். "சொல்லுங்க. எம்புட்டு நேரமானாலும் சரி."

ஜெயக்கொடி கையைத் துடைத்துக்கொண்டு மெல்ல உள்ளே நழுவப் பார்த்தாள்.

"நீயும் இரு," என்றாள் சோலையம்மாள்.